மெஷின்கள் புதுச்சேரிக்குப் போயின

1

எங்கள் ஊருக்குள் நுழையும் ரோட்டில் மேரிக்காரர்கள், அதாவது நகராட்சிக்காரர்கள், புது போர்டு வைத்திருக்கிறார்கள். தொழில் தொடங்க வாருங்கள், இடம் தயார் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிற படம். அந்தப் பெண் எங்கள் ஊர்க்காரி இல்லை. எங்கள் ஊரில் அந்த வயதில் இருந்தவர்கள் எல்லாரும் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது பிரான்சில் நான் இருக்கும் ஊரை. புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் அங்கே படிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம். இருபது வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் அது ஊர்தான். பாரிசிலிருந்து ரயிலில் வந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில்தான் பஸ். சுற்றிலும் மாடு, கோதுமை, சேறு. மேரி என்றதும் நம் கடற்கரையில் இருக்கும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். இங்கே மேரி ஒரு சின்ன மாடி வீடு. மேர், அதாவது நகராட்சித் தலைவர், பால் மாடு வைத்திருப்பவர். காலையில் பால் கறந்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவார்.

போர்டு நிற்கிற இடத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. நான் அதில் வேலை செய்தேன். அது எங்கே போனது என்பதை எழுதுகிறேன். அது போன இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான்.

2

நான் எட்டாவது வரை படித்தேன். மில்லில் பதிலி ஆளாக இருந்தேன். காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்படி நிறைய நாள் திரும்பியிருக்கிறேன்.

தெரேசின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை, அதனால் அவர் பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம். கட்டினேன். "என்னப் பாத்துக் கட்னியா, பேப்பரப் பாத்துக் கட்னியா?" என்று தெரேஸ் இன்றைக்கும் சண்டை வந்தால் கேட்பாள். நெல்லித்தோப்பில் எல்லாருக்கும் பதில் தெரியும்.

இங்கே வந்ததும் ஆபீசில் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைச் சொன்னேன். அதையே எழுதிவிட்டார்கள். பிறகு என் மகளைப் பள்ளிக்கூடத்தில் என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் செத்து ரொம்ப நாள் ஆகிறது. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

தொழிற்சாலையில் சென்ட் பாட்டிலுக்கு மூடி செய்தோம். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால் மெஷின் அதை உருக்கி அச்சில் அழுத்தும். அச்சு திறந்தால் மூடிகள் விழும். நான் அச்சு மாட்டுகிற ஆள். மெஷின் ஓடும்போது பேச்சு கேட்காது. அதனால் பாஷை தெரியாதது பெரிய குறையாக இல்லை.

பிரெஞ்சு அங்கே இருந்தவர்களிடம் கற்றுக்கொண்டேன். அவர்கள் எல்லாரையும் நீ என்பார்கள். நானும் எல்லாரையும் நீ என்றேன். மேரைக்கூட நீ என்றுதான் பேசினேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நீ. புதுச்சேரியில் பேங்க் பியூனைக்கூட சார் என்று கூப்பிட்டவன். பிரெஞ்சிலும் மரியாதைக்கு ஒரு நீங்கள் உண்டு என்று பல வருடம் கழித்து என் மகள் செலின்தான் சொன்னாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். "அப்பா, இனிமே என் டீச்சர்கிட்ட நீங்க பேசாதீங்க. அம்மா பேசட்டும்." அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நான் போனால் வெளியே காரிலேயே இருப்பேன்.

3

யூரோ நோட்டு கைக்கு வந்த வருடம், தொழிற்சாலையை மூடப்போவதாகச் சொன்னார்கள். பாரிசில் இருந்து கோட் போட்ட ஒருவர் வந்தார். சாப்பாட்டு அறையில் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். ஜோசெத் என்று ஒருத்தி, என் பக்கத்து மெஷின்காரி, "உட்காரலாமா?" என்று கேட்டாள். அவர் சரி என்றார். உட்கார்ந்து மீதியைக் கேட்டோம்.

தொழிற்சாலை போனால் குடும்பங்கள் போகும். குடும்பங்கள் போனால் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ரொட்டிக் கடை, தபாலாபீஸ் என்று ஒவ்வொன்றாகப் போகும். என் சின்னவன் பத்ரிக் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். நான் அப்போதுதான் பேங்கில் கடன் வாங்கி வீடு வாங்கியிருந்தேன். வேலை போனால் வீடு போகும். வேலை இல்லாத ஊரில் அந்த வீட்டை வாங்கவும் ஆள் வராது.

மேர் எங்கெங்கோ எழுதிப் போட்டார். வரி வேண்டாம், கட்டடம் சும்மா தருகிறோம், யாராவது வந்து நடத்துங்கள் என்று. மாசக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் ரப்பர் பூட்ஸோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்துவான், உங்க நாட்டுலேர்ந்து ஒருத்தர் ஃபாக்டரியப் பாக்க வர்றார்."

யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். வடக்கத்திப் பெயர், பம்பாய் முதலாளி.

"உனக்குத் தெரிஞ்சவரா?"

எங்கள் நாட்டில் நூறு கோடிப் பேர் என்றேன்.

"அதுல பணக்காரங்க கொஞ்சப் பேர்தானே?" என்றார்.

பிறகு உட்கார்ந்து காபி குடித்தார். உங்கள் நாட்டில் பெரிய மனிதர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தெரேஸ் நான் வாயைத் திறப்பதற்குள் ஆரத்தி எடுப்போம் என்று சொல்லிவிட்டாள். எப்படி எடுப்பது என்று விளக்கினாள். மேர் கேட்டு எழுதிக்கொண்டார். தன் மனைவியிடம் தட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மஞ்சள் தூள் வீட்டில் இருந்தது. சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு இல்லாமல் தண்ணீர் சிவக்காது. மேர் உரக்கடையில் கேட்கலாம் என்றார். வயலுக்குப் போடுகிற சுண்ணாம்பு வேண்டாம் என்று தெரேஸ் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து கலந்துவிட்டாள். "இவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாள். "வர்றவருக்குத் தெரியுமே" என்றேன். "அவரு பம்பாய்க்காரரு. நம்ம ஆரத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

4

இரண்டு கார் வந்தது. முதல் காரில் பம்பாய்க்காரர். அவர் நெற்றியில் தெரேஸ் பொட்டு வைத்தாள். மேர் கை தட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். பம்பாய்க்காரர் என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷில் கேட்டார். அதுவும் தெரியாது. மேர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒரே நாடுதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

கடைசியில் செலினின் இங்கிலீஷ் டீச்சரைக் கூப்பிட்டு வந்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.

இரண்டாவது காரில் வந்தவர் மானேஜர். சேகர் என்று பெயர். நான் தெரேசிடம் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணா, தமிழா? எந்த ஊரு?"

"பாண்டி. நெல்லித்தோப்பு."

"அட! நான் லாஸ்பேட்ட. ஏர்போர்ட் பின்னால. நீங்க எப்டிண்ணா இந்தக் காட்ல வந்து மாட்னீங்க?"

தெரேஸ் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். மீன் குழம்பு. சேகர் மூன்று நாளாக ரொட்டிதான் தின்றிருந்தார். கையை நக்கிக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, பிறகு பேசினார்.

"அண்ணா, சோறு போட்டுட்டீங்க. சொல்லாம இருக்க முடியல. ஓனரு என்னத்தப் பாத்தாருன்னு கவனிச்சீங்களா?"

கூரையை ரொம்ப நேரம் பார்த்தார் என்றேன்.

"கூரையில்ல. மேல இருக்கற கிரேனு. அது எத்தினி டன் தூக்கும்னு கேட்டாரு. அப்பறம் வாசல் கேட்டோட அகலத்த அளந்தாரு. தொழில் நடத்த வர்றவன் தண்ணி இருக்கா, கரண்டு இருக்கா, ஆளு கெடைப்பானான்னு கேப்பான். கேட்டோட அகலத்த அளக்கறவன் மெஷின எடுத்துனு போக வந்தவன்."

"எங்க எடுத்துனு போறீங்க?"

அவர் தட்டைப் பார்த்தார்.

"பாண்டிக்குத்தாண்ணா. அங்க அஞ்சு வருஷம் வரி கெடயாது. சேதராப்பட்டு பக்கம் ஷெட்டு ரெடியா கீது."

தெரேஸ் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு மீன் துண்டை எடுத்து வந்து அவர் தட்டில் வைத்தாள்.

5

மறுநாள் காலையில் மேர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். பால் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பிரெஞ்சில் சொன்னேன். அவர்கள் இங்கே நடத்தப் போவதில்லை. மெஷின்களை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவர் குழாயை மூடவில்லை.

"யார் சொன்னாங்க?"

"எங்க ஊர்க்காரர்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன்.

"நீ அதை இப்போ சொன்னா, இந்த வாரமே இருக்கறவங்க வீட்ட விக்கப் பாப்பாங்க. அவங்க வாயாலயே சொல்லட்டும். ஒருவேள மனசு மாறலாம். ஏரியக் காட்டப் போறேன் இன்னைக்கு. நல்லா இருக்கும் ஏரி."

ஏரியைக் காட்டினார். தேவாலயத்தைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் காலி பெஞ்சுகளைக் காட்டி, இங்கே உங்கள் ஆட்களின் பிள்ளைகள் உட்காரலாம் என்றார். பம்பாய்க்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேர் அன்று கோட் போட்டிருந்தார். அது அவர் மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட் என்று ஜோசெத் சொன்னாள்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. நம் பக்கம் கம்பெனி வந்தபோதும் இப்படித்தான் பந்தல் போட்டார்கள். மேளம், வெடி, மந்திரி கையால் ரிப்பன். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளை வேட்டி கட்டி வரிசையில் நிற்பார்கள். நிலம் கொடுத்தவன் கடைசி வரிசையில் நிற்பான். வீட்டுக்கு ஒரு வேலை என்பார்கள். கம்பெனி வந்து வரிச் சலுகை முடிகிற வரைக்கும் இருக்கும். பிறகு ஷெட் இருக்கும், கேட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். அந்த வாட்ச்மேன் நிலம் கொடுத்தவனாக இருப்பான்.

பம்பாய்க்காரர் மெஷின்களை மட்டும் விலைக்கு வாங்கினார். கோடைக்கு முன் லாரிகள் வந்தன. கழட்ட ஆள் வேண்டும் என்று சேகர் கேட்டார். கூலி உண்டு. நானும் ஜோசெத்தும் இன்னும் சிலரும் போனோம். நாங்கள் கழட்டாவிட்டால் வேறு யாராவது கழட்டி உடைப்பார்கள்.

"உன் சொந்தக்காரங்க எல்லாத்தையும் வாரிட்டுப் போறாங்க, அந்துவான்" என்று ஒருவன் சொன்னான். ஜோசெத் அவனைப் பார்த்து, "அவன் வேலையும்தான்டா போகுது, முட்டாள்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனாலும் உன் சொந்தக்காரங்கதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் தன் மெஷினில் மகளின் சின்ன வயதுப் படம் ஒன்றை ஒட்டியிருந்தாள். அதை உரிக்கவில்லை. உரித்தால் கிழியும் என்றாள்.

6

மெஷினைப் பூட்டித் தர ஆள் வேண்டும் என்று சேகர் எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். புதுச்சேரிக்கு வந்தேன். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மந்திரி வரத் தாமதம் என்பதால் கற்பூரம் ஏற்ற ரொம்ப நேரம் நின்றோம்.

என் தம்பி லூர்து அப்போது மில் மூடி சும்மா இருந்தான். அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சேகரிடம் கேட்டேன். சேர்த்துக்கொண்டார். லூர்து ஜோசெத்தின் மெஷினில் நின்றான்.

"யாரு அண்ணா இந்தப் பொண்ணு?" என்று படத்தைக் காட்டிக் கேட்டான்.

சொன்னேன். அவனும் உரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் மாதா படம் ஒட்டினான்.

நான் பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முன் சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க இங்கயே வந்துடுங்க. சூப்பர்வைசர் போஸ்டு. உங்க ஊரு, உங்க மெஷினு. அங்க இன்னாத்துக்குக் குளுர்ல கெடக்கறீங்க?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் கேட்டில் நின்று திரும்பிப் போன ஊரில், கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்காரக் கூப்பிடுகிறார்கள். பிரான்சுக்குத் திரும்பி வீட்டில் சொன்னேன். தெரேஸ் நீ சொல்வதுதான் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். பத்ரிக் அங்கே பனி உண்டா என்று கேட்டான்.

செலினுக்குப் பதினாறு வயது. அவள் பிரெஞ்சில் பேசினாள். வேகமாகப் பேசவில்லை, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இங்க நீங்க ஊமை. அங்க போனா நான் ஊமை. யாரு ஊமையா இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் யோசித்தேன். நான் ஏற்கெனவே பழகியவன். சேகருக்கு வரவில்லை என்று போன் செய்தேன்.

7

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை எடுத்தார்கள். ரொட்டிக் கடை வாரத்தில் பாதி நாள் திறந்தது. அப்புறம் மூடிவிட்டார்கள்.

வேலை தேடும் ஆபீசில் ஒரு பெண் என்ன தெரியும் என்று கேட்டாள். அச்சு மாட்டத் தெரியும் என்றேன். வேறு என்றாள். கழட்டத் தெரியும் என்றேன். என்னை ஒரு வகுப்பில் போட்டார்கள். தன்னைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொள்வது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று என் பலம் இது என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தேன். இப்போது கோழி வெட்டும் ஆலையில் இருக்கிறேன். காரில் ரொம்ப தூரம். வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். செலின் பாரிசில் இருக்கிறாள். போன் செய்தால் தெரேசிடம் பேசுவாள். அப்பா எப்படி என்று கேட்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

லூர்துக்கு நல்ல காலம். வீட்டுக்கு டைல்ஸ் போட்டான். சுனாமி வந்தபோது கம்பெனியில் லீவு வாங்கி வைத்திக்குப்பத்துக்குப் போய் சோறு ஆக்கிப் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து மெஷினைப் பற்றித்தான் பேசுவான். எது சூடாகிறது, எது எண்ணெய் கக்குகிறது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ள எங்களுக்கு அதைவிட வேறு விஷயம் இருந்ததில்லை. சின்ன வயதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

போன வாரம் ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போன் வந்தது.

"அண்ணா, மெஷினு கெளம்புது."

"எங்க?"

"வடக்க. எதோ மலைப்பக்கம். இங்க சலுக முடிஞ்சிபோச்சு. அங்க புதுசா குடுக்கறாங்களாம்."

"ஆளுங்க?"

"கேட்ல உக்காந்துனு இருக்கோம். சங்கத்துக்காரங்க பேசறாங்க. ஒண்ணும் ஆவாது."

சேகர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவரே வேற வேல தேடறாரு. பாவம். நேத்து எங்கூட குந்தினு டீ குடிச்சாரு."

அவனுக்குப் பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"என்னக் கூட வர்றியான்னு கேக்கறாங்க அண்ணா. அங்க இருக்கறவங்களுக்கு இந்த மெஷின் ஓட்டத் தெரியாதாம்."

"ரீட்டா இன்னா சொல்லுது?" ரீட்டா அவன் மனைவி.

"புள்ளைங்க இங்க படிக்கட்டும், நீ போய் சம்பாரிங்குது. எனக்கு இந்தியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நாப்பத்தஞ்சு வயசு ஆவுது." பிறகு கேட்டான். "நீ போனியே அண்ணா. எப்டி இருக்கும்? நெஜத்தச் சொல்லு."

இத்தனை வருடத்தில் ஊரிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். குளிர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். லீவில் வந்தால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"மொதல் வருஷம் கஷ்டம்" என்றேன்.

"அப்பறம்?"

பழகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"அப்பறம் புள்ளைங்களுக்கு நீ இல்லாம பழகிடும்" என்றேன்.

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்றான்.

"டிக்கெட் போட்டுட்டாங்க அண்ணா. வியாழக்கெழம ரயிலு. சும்மாதான் கேட்டேன்."

கம்பளி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.